பெயரில்லாத பேரரசன்

இராமானுசரின் சீடர் கூரத்தாழ்வான் கதையில் வருகிற எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. காட்டிக்கொடுத்தவன் நாலூரான். அரண்மனைக்கு உடன்சென்ற முதியவர் பெரிய நம்பி. அப்போது அவருக்கு வயது 105 என்றும் சொல்லிவைத்திருக்கிறார்கள். அவர் மகள் அத்துழாய். ஆழ்வானின் மனைவி ஆண்டாள், பிள்ளைகள் பராசர பட்டரும் வேதவியாச பட்டரும். பெயர் இல்லாதவன் ஒருவன்தான், அவன் அரசன். கண்ணைப் பறித்தவன் என்று ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளாக வைணவ உலகம் சபித்துவரும் அந்தச் சோழனைக் குருபரம்பரை நூல்கள் ‘கிருமிகண்டன்’ என்கின்றன. கழுத்தில் புழு வைத்துச் செத்தவன் என்பது அதன் பொருள். பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வசை உட்கார்ந்திருக்கிறது.

வரலாற்றில் வழக்கமாக இது தலைகீழாகத்தான் நடக்கும். அரசர்களின் பட்டப்பெயர்களும் ஆட்சியாண்டுகளும் கல்லில் நிற்கும். எதிர்த்தவர்கள் ‘பகைவர்’ என்ற ஒரே சொல்லில் கரைந்துபோவார்கள். காஞ்சிக்குப் பக்கத்திலிருக்கும் கூரத்தில் பிறந்த இந்த மனிதரின் விஷயத்தில் கலகக்காரர் கண்முன் நிற்கிறார். ஊர் இருக்கிறது, சந்ததி இருக்கிறது, அவர் எழுதிய ஐந்து வடமொழித் துதிநூல்கள் கையில் இருக்கின்றன. கற்பனையோ என்று சந்தேகிக்க வேண்டியவன் பேரரசன்தான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிவனுக்கு மேலான தெய்வம் இல்லை என்று நாட்டிலுள்ள கற்றோர் எல்லோரும் ஓலையில் கையெழுத்திட வேண்டும் என்கிறான் சோழ அரசன். பொன்னுக்குச் சிலர், அச்சத்துக்குச் சிலர் என்று பலரும் இட்டுவிடுகிறார்கள். அரசவையில் இருந்த நாலூரான், ஒருகாலத்தில் ஆழ்வானிடம் பாடம் கேட்டவன், ‘இவர்கள் இட்டு என்ன பயன், இராமானுசனும் கூரத்தாழ்வானும் இட்டாலல்லவா செல்லும்’ என்று எடுத்துக்கொடுக்கிறான். சேவகர்கள் திருவரங்கத்து மடத்துக்கு வருகிறார்கள். இராமானுசர் அந்நேரம் நீராடப் போயிருக்கிறார். ஆழ்வான் குருவின் காவியை உடுத்து, முக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு, தாமே இராமானுசர் என்பதுபோல அவர்களோடு புறப்பட்டுவிடுகிறார். இராமானுசர் ஆழ்வானின் வெள்ளை வேட்டியை உடுத்து மேற்கே நடக்கிறார். ஸ்ரீபெரும்புதூரில் சித்திரை உற்சவத்தின்போது இராமானுசருக்கு இன்றும் நடக்கும் வெள்ளை சாத்துப்படி அந்த ஒரு நாளின் நினைவுதான். இராமானுசரின் ஆசாரியரான பெரிய நம்பி, தள்ளாத வயதிலும் ஆழ்வானுக்குத் துணையாகப் போகிறார்.

சோழன் அவையில், பெரும்பாலும் கங்கைகொண்ட சோழபுரம் என்றே சொல்வார்கள், வாதம் நடக்கிறது. ஆழ்வான் மசியவில்லை. ஓலையைக் கொடுத்ததும் அவர் எழுதியது ஒரு சிலேடை. வடமொழியில் ‘சிவம்’ என்பது ஓர் அளவைக்கும் பெயர் என்று கொண்டு, அதைவிடத் ‘துரோணம்’ பெரிது என்று எழுதிவிட்டார். தமிழில் சொன்னால், குறுணியைவிடப் பதக்கு பெரிது! உயிர் போகும் இடத்தில் செய்த நையாண்டி. அரசன் கண்களைப் பறிக்கச் சொல்கிறான். ‘பாவியைப் பார்த்த கண் எனக்கு வேண்டாம்’ என்று ஆழ்வானே தம் நகத்தால் பறித்துக்கொண்டார் என்று ஒரு வழக்கு. ஏவலர் பறித்தார்கள் என்று இன்னொன்று. பெரிய நம்பியின் கண்களும் போகின்றன. அரங்கத்துக்குத் திரும்பும் வழியில், தஞ்சைக்கு அருகே பசுபதிகோயிலில், மகளின் மடியிலும் ஆழ்வானின் மடியிலுமாகக் கிடந்து அவர் உயிர் விடுகிறார்.

இந்தக் கதையைக் கேட்கும் ஆய்வாளர் முதலில் கல்வெட்டைத் தேடுவார். எந்தச் சோழக் கல்வெட்டும் கண் பறித்ததைச் சொல்லவில்லை. ஆனால் அந்த மௌனத்தை எந்த அளவுக்கு நம்புவது? இதற்குக் கூரத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது.

ஆழ்வானுக்கு ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் கூரத்தில் ஒரு சிவன்கோயில் எழுந்தது. பெயர் ‘வித்யாவினீத பல்லவ பரமேசுவர கிருகம்’. குடைவரையாக இல்லாமல் கல்லால் கட்டி எழுப்பிய ஆரம்பகாலத் தமிழகக் கோயில்களில் ஒன்று. அதற்கான கொடையைச் சொல்லும் செப்பேடுகளை ஹுல்ஷ் 1890இல் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியிலேயே பதிப்பித்தார். வடமொழியும் தமிழும் கலந்த ஆவணம். பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு கால்வாய், பரமேசுவரத் தடாகம், பூசைக்கும் பழுதுபார்ப்பதற்கும் பங்கு என்று நிர்வாக விவரம் நிறைந்தது. அதில் ஒரு பங்கு, கோயில் மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கு. சிவன்கோயில் மண்டபத்தில் கண்ணனின் கதையை ஊரார் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். சிவனுக்கு மேல் இல்லை என்று எழுத மறுத்தவரின் சொந்த ஊரில் மிகப் பழைய கட்டடம் சிவனுடையது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் சொல்லவந்த பாடம் அந்தச் செப்பேட்டின் புகழ்ச்சிப் பகுதியில் இருக்கிறது. பெருவளநல்லூர்ப் போரில் தோற்ற சாளுக்கியப் பேரரசன் விக்கிரமாதித்தன், கந்தலால் உடம்பை மூடிக்கொண்டு தனியே ஓடினானாம். அதே விக்கிரமாதித்தன் 674இல் வெளியிட்ட கத்வால் செப்பேட்டை எடுத்துப் பார்த்தால், அவன் காஞ்சியைக் கைப்பற்றிவிட்டுக் காவிரிக்கரை உரகபுரத்தில் பாடி போட்டிருக்கிறான். இரண்டும் அரச ஆவணங்கள். இரண்டும் அழியாத உலோகத்தில் எழுதியவை. தன் தோல்வியை எந்த அரசனும் பதிந்துவைப்பதில்லை, தன் கொடுமையையும்தான். ஆகவே சோழக் கல்வெட்டின் மௌனத்தை விடுதலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. குருபரம்பரையின் சாபத்தைக் குற்றப்பத்திரிகையாகவும் எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் யார் இந்தக் கிருமிகண்டன்? மரபுக் கணக்கில் ஆழ்வான் பிறந்தது 1010, தை அத்தம். இராமானுசர் 1017 முதல் 1137 வரை. இந்த 120 ஆண்டுக்குள் எட்டுச் சோழர்கள் வந்துபோகிறார்கள். ஆய்வாளர்கள் பெரும்பாலும் சுற்றிவருவது மூவரை.

முதல் ஆள் அதிராசேந்திரன். 1070இல் அரியணை ஏறிய சிறிது காலத்தில் கலகத்தில் கொல்லப்பட்டவன். இதைச் சொல்பவர் காஷ்மீரத்திலிருந்து வந்து கலியாணிச் சாளுக்கியன் ஆறாம் விக்கிரமாதித்தன் அவையில் இருந்த பில்கணர். தம் தலைவன் தன் மைத்துனனாகிய அதிராசேந்திரனை அரியணையில் அமர்த்தப் படையோடு கங்கைகொண்ட சோழபுரம் வரை வந்துபோனதாகவும், திரும்பிய சில நாளிலேயே அவன் கலகத்தில் மாண்ட செய்தி வந்ததாகவும் அவர் எழுதுகிறார். சோழ நாட்டில் அரசனையே கொன்ற ஒரு கலகம் உண்மையாக நடந்தது இங்கேதான். அதை வைணவர் கலகம் என்று ஊகித்தவர்கள் உண்டு. பில்கணர் அப்படிச் சொல்லவில்லை. தவிர, 1070இல் இராமானுசர் மைசூர்ப் பக்கம் ஓடியிருந்தால் அவரை வரவேற்க, மரபு சொல்லும் ஹொய்சள அரசன் விஷ்ணுவர்த்தனன் இல்லை. ஹொய்சள நாட்டில் அப்போது ஆண்டவன் விநயாதித்தன். கதையின் ஒரு முனையை இழுத்துக் கட்டினால் மறுமுனை அவிழ்கிறது.

இரண்டாமவன் முதலாம் குலோத்துங்கன். 1070 முதல் 1122 வாக்கில் முடியும் நீண்ட ஆட்சி. கோபிநாத ராவ், கிருஷ்ணசாமி ஐயங்கார் போன்ற முன்னோடிகள் இவனையே சுட்டினார்கள். காலம் கச்சிதமாகப் பொருந்துகிறது: விஷ்ணுவர்த்தனன் பட்டத்துக்கு வந்தது 1108 வாக்கில், இராமானுசர் பன்னிரண்டு ஆண்டுகள் மேல்நாட்டில் இருந்து, சோழன் இறந்த பிறகு திரும்பினார் என்கிறது மரபு. குலோத்துங்கனுக்குப் பின் வந்த மகன் விக்கிரம சோழனுக்கு அகளங்கன் என்று ஒரு பெயர். திருவரங்கத்தின் சுற்றுகளில் ஒன்றுக்கு அந்தப் பெயரே நிற்கிறது. தந்தை மூட்டிய பகையை மகன் தணித்தான் என்று வாசிக்க இடமுண்டு. பொருந்தாதது குணம். குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்தவன் என்று பேர் வாங்கியவன். 1090இல் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு உரிமைகளை உறுதிசெய்து செப்பேடு தந்தவன். மன்னார்குடியில் அவன் பெயரால் ஒரு விண்ணகரம் எழுந்தது. திருவரங்கக் கோயிலிலேயே அவன் ஆட்சியாண்டுகள் பொறித்த கொடைக் கல்வெட்டுகள் பல இருக்கின்றன. அரங்கன் கோயிலுக்குக் கொடை போய்க்கொண்டிருந்தபோதே அரங்கன் கோயில் ஆசாரியரைத் துரத்தினானா?

துரத்தியிருக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். கோயிலைக் காப்பதும் கோயிலில் செல்வாக்குப் பெற்ற ஒரு மனிதரை விரட்டுவதும் அரசுக்கு ஒரே கையால் செய்யக்கூடிய காரியங்கள். இதைப் பிறகு விளக்குகிறேன்.

மூன்றாமவன் இரண்டாம் குலோத்துங்கன், 1133 முதல் 1150 வரை. குணத்துக்கு இவன்தான் ஆள். தில்லைக் கூத்தனின் திருவடியில் விழுந்துகிடந்தவன். அங்கே அம்பலத்துக்கு எதிரே பள்ளிகொண்டிருந்த கோவிந்தராசரைப் பெயர்த்துக் கடலில் போட்டான் என்பது எதிரிகள் கட்டிய கதை இல்லை. அவனுடைய அவைப்புலவர் ஒட்டக்கூத்தரே அதைப் பெருமையாகப் பாடியிருக்கிறார். பொருந்தாதது காலம். 1133இல் இராமானுசருக்கு 116 வயது ஆகிவிடுகிறது. ஓடவும் பன்னிரண்டு ஆண்டு கழித்துத் திரும்பவும் நேரமில்லை. கல்வெட்டறிஞர் தி.நா. சுப்பிரமணியன் இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்துப் பார்த்தார். இராமானுசரின் ஆயுளையே 1077 முதல் 1157 என்று மாற்றிவைத்தார். அப்படி வைத்தால் இரண்டாம் குலோத்துங்கன் ஒழுங்காக உள்ளே உட்கார்ந்துவிடுகிறான்; 120 வயது என்னும் அரிய ஆயுளும் இயல்பான 80 ஆகிவிடுகிறது. கவர்ச்சியான தீர்வுதான். ஆனால் அதற்காக ஆழ்வான், பெரிய நம்பி, அவருடைய ஆசாரியர் ஆளவந்தார் வரை ஒரு தலைமுறை வரிசையையே நகர்த்த வேண்டியிருக்கிறது.

எனக்குத் தோன்றுவது இது. நடந்தது ஒரு விரட்டல், அனேகமாக முதலாம் குலோத்துங்கனின் பிற்காலத்தில். அதன்மேல் அடுத்த தலைமுறையில் தில்லையில் நடந்த இடிப்பின் சினம் படிந்துவிட்டது. பின்பழகிய பெருமாள் ஜீயர் குருபரம்பரை நூலான ‘ஆறாயிரப்படி’யை எழுதிய காலத்தில் இரண்டு குலோத்துங்கர்களும் பழங்கதை ஆகிவிட்டிருந்தார்கள். ஒருவன் செய்ததும் மற்றவன் செய்ததும் சேர்ந்து ஒரே கழுத்தில் புழுவாக நெளிகின்றன. பெயர் சொல்லாமல் விட்டது மறதியால் அல்ல என்றுகூடச் சொல்வேன். எந்த ஒரு பெயரைச் சொல்லியிருந்தாலும் அது பொருந்தியிருக்காது.

விரட்டலுக்குக் காரணம் சமயம் மட்டும்தானா? 1116 வாக்கில் விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டைச் சோழரிடமிருந்து பறித்தான். கங்கவாடி என்று சோழர் நூறாண்டுக்கு மேல் வைத்திருந்த மேற்கு மாகாணம் அதோடு கைநழுவியது. படைநடத்திய தளபதி கங்கராசன் ஒரு சமணர். அரசி சாந்தலையும் சமணப் பெண். இராமானுசர் அடைக்கலம் புகுந்தது இந்த நாட்டில், இதே ஆண்டுகளில். தொண்டனூரிலும் மேல்கோட்டையிலும் அவர் கோயில் எழுப்பியதை வைணவர் திருப்பணியாகப் பார்க்கிறோம். கங்கைகொண்ட சோழபுரத்து அதிகாரி ஒருவர் அதை எப்படிப் பார்த்திருப்பார்? திருவரங்கத்து மடத்தின் தலைவர் எல்லைக்கு அப்பால், எதிரி அரசனின் குருவாக உட்கார்ந்திருக்கிறார். இராமானுசர் அரசியல் செய்யப் போனார் என்று நான் சொல்லவில்லை. அரசு எல்லாவற்றையும் அரசியலாகவே வாசிக்கும் என்கிறேன்.

இதைவிட நெருக்கமான பகை திருவரங்கத்துக்கு உள்ளேயே இருந்தது. இராமானுசர் கோயில் நிர்வாகத்தைப் பழைய கைகளிலிருந்து எடுத்து, பணிகளைக் கொத்துகளாகப் பிரித்து, புதியவர்களை நுழைத்தவர். கோயில் சாவி அதுவரை பெரிய கோயில் நம்பி என்பவரிடம் இருந்தது. அதை வாங்கித் தந்தது யார் தெரியுமா? கூரத்தாழ்வான்தான். நம்பியின் தாயார் காலமானபோது பதினோராம் நாள் சடங்கில் உண்பதற்கு ஆழ்வானை அனுப்புகிறார் இராமானுசர். உண்டு முடித்தவர் ‘திருப்தி’ என்று சொன்னால்தான் சடங்கு நிறைவேறும். ஆழ்வான் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். கோயில் உரிமையைக் கொடுத்த பிறகே சொல்கிறார். அந்த நம்பி பிறகு ஆழ்வானின் சீடராகித் திருவரங்கத்தமுதனார் ஆனார் என்பது இனிய முடிவு. ஆனால் எல்லா நம்பிகளும் அமுதனார் ஆகவில்லை. இராமானுசருக்கு நஞ்சிட முயன்ற கதையும் அதே கோயிலில்தான் வழங்குகிறது. சாதுவான கூரத்தாழ்வான் என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் படத்தோடு இந்தச் சாவிச் சம்பவத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சொல்ல வேண்டிய ஒரு சொல்லைச் சொல்லாமல் இருப்பதில் அவருக்கு முன்பே பயிற்சி இருந்தது!

கண்ணிழந்து திரும்பிய ஆழ்வானை இதே கோயில் எப்படி வரவேற்றது என்பதையும் குருபரம்பரை மறைக்கவில்லை. இராமானுசரோடு தொடர்புடைய எவரையும் உள்ளே விடக்கூடாது என்று ஆணை, வாயிற்காவலர்கள் தடுக்கிறார்கள். அவர்களில் ஒருவன், இவர் நல்லவர், இவரை விடலாம் என்கிறான். இராமானுசரின் தொடர்பால் கிடைக்காத அனுமதி தம் நற்குணத்தால் கிடைக்க வேண்டாம் என்று ஆழ்வான் திரும்பி, குடும்பத்தோடு திருமாலிருஞ்சோலைக்குப் போய்விடுகிறார். வாயிலில் நின்றது சோழப் படை அல்ல, அரங்கன் கோயில் ஊழியர்கள். தம் கோயிலே தம் ஆசாரியனைக் கைவிட்டது என்ற வெட்கக்கேட்டை ஒரு சமூகம் வேண்டுமென்றே புனைந்துகொள்ளாது. கதையில் நான் நம்புகிற முதல் இடம் இது.

நாடு முழுக்க மனங்கள் அப்போது இப்படிப் பிரிந்துகொண்டுதான் இருந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த திருக்கடவூர்க் கல்வெட்டு ஒன்று, வைணவரோடு கலந்து பழகும் சிவனடியார்களான மாகேசுவரர்களின் சொத்து பறிக்கப்படும் என்று ஊர்ச்சபை தீர்மானித்ததைச் சொல்கிறது. தீர்மானம் போட்டது ஊர்ச்சபை. கொடுங்கோலன் ஒருவன் அரியணையில் இருந்தால்தான் இப்படியெல்லாம் நடக்கும் என்று கதைகள் நம்மைப் பழக்கிவைத்திருக்கின்றன. நான்கு பேர் கூடிய மண்டபத்திலும் நடக்கிறது.

அந்த ஓலையைப் பற்றி ஒரு வார்த்தை. மதம் மாறு என்று அரசன் கேட்கவில்லை, கையெழுத்துக் கேட்டான். இது சோழ அரசுக்கு எவ்வளவு இயல்பான கேள்வி என்பது அவர்களின் ஆவணங்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். அரசன் வாயால் சொன்னது திருவாய்க்கேள்வி. அதைத் திருமந்திர ஓலை எழுதுவார், ஓலைநாயகங்கள் ஒப்பிடுவார்கள், புரவுவரித் திணைக்களம் வரியில் ஏற்றும். ஒரு நிலக்கொடைக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக எத்தனையோ பேர் ‘இவை என் எழுத்து’ என்று வைத்திருப்பார்கள். எழுத்து இல்லாமல் நெல் நகராது, நீர் பாயாது. அப்படிப்பட்ட அரசு இறைவன் யார் என்ற கேள்வியையும் ஓலையில் முடித்துவிடப் பார்த்தது என்பது கதையில் உறுத்தாமல் பொருந்துகிறது. ஆனால் இதை ஆதாரமாகக் கொள்ள மாட்டேன். குருபரம்பரை எழுதியவர்களும் ஓலையும் எழுத்துமாய் நடந்த அரசுகளின் கீழ்தான் வாழ்ந்தார்கள். காட்சியின் பொருத்தம் எழுதியவரின் திறமையாகவும் இருக்கலாம்.

ஆதாரம் வேறிடத்தில் இருக்கிறது, ஆழ்வானின் சொந்த எழுத்தில். வைகுண்ட, அதிமானுஷ, சுந்தரபாகு, வரதராஜ ஸ்தவங்களும் ஸ்ரீஸ்தவமும் சேர்ந்தது பஞ்சஸ்தவம். இவற்றில் சுந்தரபாகு ஸ்தவம் திருமாலிருஞ்சோலை அழகரைப் பாடுவது. நூறு பாடல்களுக்கு மேல் மலையையும் மேனியையும் வர்ணித்துவிட்டு, முடிவில் திடீரென்று ஒரு விண்ணப்பம் வைக்கிறார்: முன்போலத் திருவரங்கத்தில் இராமானுசரின் ஆணைக்கு உட்பட்டு வாழ வேண்டும். சொந்தக் கோயிலை விட்டு வெளியே இருக்கிற, திரும்ப முடியாத ஒருவர்தான் ‘முன்போல’ என்று கேட்பார். குருபரம்பரைக்கு முந்திய, சம்பந்தப்பட்டவரே எழுதிய சாட்சி இது. ஆழ்வானும் இராமானுசரும் அரங்கத்திலிருந்து பிரிந்திருந்தார்கள் என்பதை இதற்கு மேல் சந்தேகிக்க நியாயமில்லை.

கண் பறித்தது? அமுதனாரின் இராமானுச நூற்றந்தாதி ஆழ்வானைத் தனியே ஒரு பாட்டில் புகழ்கிறது. கல்வி, செல்வம், குலம் என்ற மூன்று செருக்கையும் கடந்தவர் என்பதே அங்கே அவர் பெருமை. கண் அங்கே பேசப்படவில்லை. செல்வத்தைக் கடந்ததும் கதைதான். கூரத்தில் அவர் வீட்டுக் கதவு இரவில் சாத்தும் ஓசை காஞ்சிப் பெருந்தேவித் தாயார் காதுக்கு எட்டியதாம். அந்தச் செல்வத்தையெல்லாம் விட்டு அரங்கத்துக்கு நடக்கையில், மனைவி பொன்வட்டில் ஒன்றை மடியில் மறைத்து எடுத்துவர, காட்டில் பயம் உண்டா என்று அவள் கேட்டதிலிருந்தே மடியில் கனம் இருப்பதைக் கண்டுகொண்டு அதைத் தூக்கி எறிந்தாராம். அமுதனார் பாட்டு நிகழ்ச்சிக்கு முன் எழுதியதாக இருந்தால் அதன் மௌனம் எதையும் சொல்லாது. வரதராஜ ஸ்தவத்தில் பெருமானைக் காண வேண்டும் என்ற தாகம் இருக்கிறது. கண்ணிழந்தவரின் தாகமாக உரைகாரர்கள் அதை வாசித்தார்கள். கண் இருப்பவரும் அப்படிப் பாடலாம்.

ஆனாலும் கண் பறித்த செய்தியில் உண்மை இருக்கிறது என்ற பக்கமே நான் சாய்கிறேன். காரணம் கதையின் போக்கு. அடியார் கதைகளில் கொடுங்கோல் அரசன் ஒரு வழக்கமான பாத்திரம், அவனுக்கு வழக்கமான முடிவும் உண்டு. சேக்கிழாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியபுராணம் எழுதியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், ஆழ்வான் கதையின் வில்லன் என்று பலர் சந்தேகிக்கும் அதே அரசனின் ஆதரவில். அதில் சமணர் சொல் கேட்ட பல்லவன் அப்பரை நீற்றறையில் இடுகிறான், நஞ்சூட்டுகிறான், யானையை ஏவுகிறான், கல்லில் கட்டிக் கடலில் தள்ளுகிறான். அப்பர் மேனியில் ஒரு கீறல் விழவில்லை, கல் மிதக்கிறது. இறுதியில் அரசன் மனம் மாறிச் சமணப் பள்ளியை இடித்துச் சிவனுக்குக் கோயில் எடுக்கிறான். அடியார் உடம்பைத் தெய்வம் காப்பாற்றும், அரசன் திருந்துவான். இதுதான் இந்த இலக்கியத்தின் இலக்கணம். ஆழ்வான் கதையில் எந்தக் கல்லும் மிதக்கவில்லை. கண் போகிறது. 105 வயதுக் கிழவர் வழியில் சாகிறார். அரசன் திருந்தவே இல்லை. அற்புதம் நடக்க வேண்டிய இடத்தில் நடக்காமல் போனதை மரபு அப்படியே சுமந்திருக்கிறது.

பின்னால் காஞ்சி வரதனிடம் கண் கேட்கும்படி இராமானுசர் ஆழ்வானை அனுப்புகிறார். ஆழ்வான் கேட்டு வாங்கியது நாலூரானுக்கு மோட்சம். எனக்கு உண்டான கதி அவனுக்கும் வேண்டும் என்றார். கேள்விப்பட்ட இராமானுசர் வருந்தினார், பிறகு மேலாடையை வானில் வீசி மகிழ்ந்தார் என்பார்கள். காட்டிக்கொடுத்தவனுக்கே கதி உண்டென்றால் ஆழ்வானின் ஆசானுக்கு இல்லாமலா போகும் என்று. வைணவச் சொற்பொழிவாளர்கள் உருகி நிற்கும் இடம் இது, உருகட்டும். ஆனால் இந்த மன்னிப்புப் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். நாலூரானுக்காக வேண்டியவர் அரசனுக்காக வேண்டவில்லை. அரசனுக்குப் புழுதான். தெரிந்த மனிதனை மன்னிக்க முடிந்தது. ஆணையாக மட்டுமே வந்து நின்ற ஒன்றை மன்னிப்பதற்கு அவருக்கு, அல்லது அவர் கதையைச் சொன்னவர்களுக்கு, வழி தெரிந்திருக்கவில்லை.

இந்தக் கதை நம் காலத்தில் திரைக்கு வந்தபோது கல்லும் கயிறும் தேவைப்பட்டன. 2008இல் வந்த ‘தசாவதாரம்’ படத்தில் கமல்ஹாசன் ஏற்ற ரங்கராஜ நம்பி முழுக் கற்பனை. கோவிந்தராசர் சிலையோடு கட்டிக் கடலில் எறியப்படுகிறார். திரைக்கதை இரண்டாம் குலோத்துங்கனைப் பெயர் சொல்லியே கொண்டுவந்தது. கலகக்காரனைக் கற்பனை செய்துவிட்டு அரசனை நிஜமாக வைத்துக்கொண்டார்கள், குருபரம்பரைக்கு நேர் எதிராக. கொக்கிகளில் தொங்கும் உடம்பு திரைக்கு வேண்டும். ஓலையில் பதக்கு பெரிது என்று எழுதிவிட்டு அமைதியாக நிற்கும் கிழவரைப் பெரிய திரையில் காட்டுவது கடினம்.

கடலில் எறிந்த கோவிந்தராசர் கதை சோழரோடு முடியவில்லை. விசயநகரத்து அச்சுததேவராயர் 1539இல் தில்லையில் கோவிந்தராசரை மறுபடி நிறுவினார். அந்தச் சந்நிதியை விரிவாக்கச் செஞ்சியின் கிருஷ்ணப்ப நாயக்கன் 1597இல் வேலை தொடங்கியபோது தில்லைத் தீட்சிதர்கள் எதிர்த்தார்கள். நடராசருக்கு இழுக்கு என்றார்கள். நாயக்கன் கேட்கவில்லை. தீட்சிதர்கள் கோபுரத்தில் ஏறி ஒருவர் பின் ஒருவராகக் குதித்தார்கள். ஏறத்தாழ 20 பேர் இறந்தார்கள். மற்றவர்களைச் சுடும்படி நாயக்கன் ஆணையிட்டான். அப்போது சிதம்பரத்துக்கு வந்திருந்த ஏசுசபைப் பாதிரியார் பிமெந்தா இதைக் கடிதத்தில் எழுதிவைத்தார். இந்தமுறை ஆண்டு இருக்கிறது, வெளியாள் ஒருவரின் சாட்சி இருக்கிறது, அரசனின் பெயரும் இருக்கிறது. அவன் வைணவன்.